ரெய்டு சேமிப்பகத்தில் உதிரி வட்டுகளைப் பராமரிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், அதை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளிலும் உள்ள தமிழ்ச் சபைகளும் கோயில் குழுக்களும் தங்கள் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து சேமிக்கத் தொடங்கினால், சில ஆண்டுகளிலேயே அவை டெராபைட் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர்; அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களுடைய ஒப்பந்த எண் குறித்த தாள்கள், தகரக் கூரைக் கோயில்களின் முன் எடுத்த குடும்பப் படங்கள், இங்கே ‘சிக்ஸ் ஃபுட்’ என்று அழைக்கப்படும் தெருக்கூத்தின் ஒலிப்பதிவுகள், ஆண்டுதோறும் எடுக்கும் காவடிக் காட்சிகள் ஆகிய எல்லாம் நான்கு அல்லது ஆறு வட்டுகள் கொண்ட ஒரே பெட்டியில் இருக்கின்றன. இவற்றில் சிலவற்றுக்கு மூலப் பிரதியே இன்று இல்லை. அத்தகைய பெட்டியைத் தம் பொறுப்பில் ஏற்றிருக்கும் தொண்டருக்காக இந்தக் கையேட்டை எழுதுகிறேன். லினக்ஸ் சர்வரோ, கடையில் வாங்கிய நாஸ் (வலையமைப்பு வழிச் சேமிப்பகம்) பெட்டியோ, எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

ரெய்டு என்பது பல வட்டுகளை ஒரே தொகுதியாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாதபடி சேமிக்கும் முறை. உதிரி வட்டு என்பது அந்தத் தொகுதியில் வேலை செய்யாமல் காத்திருந்து, வேலை செய்யும் வட்டு ஒன்று பழுதானதும் அதன் இடத்தைப் பிடிக்கும் வட்டு. அது பழுதைத் தடுப்பதில்லை. அழிந்த கோப்பை மீட்டுத் தருவதும் இல்லை. ஒரு வட்டு போனதிலிருந்து மறுகட்டமைப்பு (போன வட்டின் உள்ளடக்கத்தை மாற்று வட்டில் மறுபடி எழுதுவது) முடியும்வரை தொகுதி பாதுகாப்புக் குறைந்து நிற்கிறதே, அந்த நேரத்தைச் சுருக்குவது ஒன்றே அதன் பணி. உதிரி வட்டைப் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், இது அந்த நேரத்தைக் குறைக்குமா என்று கேட்டே எடுக்க வேண்டும்.

அந்த நேரம் எவ்வளவு நீளம்

அந்த நேரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி, வட்டு பழுதானது நமக்குத் தெரிந்து, மாற்று வட்டு கைக்கு வந்து, பெட்டியில் பொருத்தப்படும்வரை ஆகும் காலம். இரண்டாம் பகுதி, இயந்திரம் தன் வேலையைச் செய்து முடிக்கும் காலம். உதிரி வட்டு முதல் பகுதியை ஏறத்தாழ இல்லாமலே செய்துவிடும். இரண்டாம் பகுதியை அதனால் குறைக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டாம் பகுதியும் சிறியதன்று என்பது விளங்கும். 8 டெராபைட் வட்டு ஒன்றில் நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் முடிக்க ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். 16 டெராபைட் என்றால் 30 மணி நேரம். இது வேறு யாரும் பெட்டியைப் பயன்படுத்தாதபோது ஆகும் நேரம். மறுகட்டமைப்பு நடக்கும்போதே ஒருவர் ஒளிப்பதிவைத் திருத்திக்கொண்டும் இன்னொருவர் ஸ்கேன் செய்த படங்களை ஏற்றிக்கொண்டும் இருந்தால் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நீளும்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கணக்கோடு மின்வெட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. லோட் ஷெட்டிங் எனப்படும் அட்டவணைப்படியான மின்வெட்டு நான்காம் ஸ்டேஜில் இருந்தால் நான்கு நாட்களில் 12 முறை வரையிலும், ஆறாம் ஸ்டேஜில் 18 முறை வரையிலும், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் மின்சாரம் நிற்கக்கூடும். அதாவது 15 மணி நேர மறுகட்டமைப்பு ஒன்று வெட்டுப்படாமல் முடிவது அரிது. மிக மோசமான ஆண்டாக இருந்த 2023-க்குப் பின் நிலைமை பெரிதும் சீரடைந்தது உண்மைதான். ஆனால் கேபிள் திருட்டும், துணைமின் நிலையப் பழுதும், கோடை மழையின் இடியும் எந்த அட்டவணைக்கும் கட்டுப்படுவதில்லை. ஆகவே மின்வெட்டின் நடுவே மறுகட்டமைப்பு நடக்கும் என்று எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்.

உதிரி வட்டா, இன்னொரு பாரிட்டியா

பாரிட்டி என்பது ஒரு வட்டு போனால் அதன் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தரவு; ரெய்டு 5-ல் ஒரு வட்டளவு இடமும் ரெய்டு 6-ல் இரண்டு வட்டளவு இடமும் அதற்குப் போகும். உதிரி வட்டு வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன், அதே வட்டை இன்னொரு பாரிட்டியாக்கலாமா என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல இடங்களில் இது கேட்கப்படுவதே இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்களிடம் 4 டெராபைட் வட்டுகள் ஐந்து இருப்பதாகக் கொள்வோம். நான்கைக் கொண்டு ரெய்டு 5 அமைத்து ஐந்தாவதை உதிரியாக வைத்தால் கிடைக்கும் இடம் 12 டெராபைட். ஐந்தையும் கொண்டு ரெய்டு 6 அமைத்தாலும் கிடைப்பது அதே 12 டெராபைட்தான். செலவு ஒன்று, இடம் ஒன்று, பெட்டியில் அடைபடும் அறைகளும் ஒன்று. ஆனால் முதல் அமைப்பில் ஒரு வட்டு போனதும், உதிரி வட்டில் எழுதி முடியும்வரை, மீதமுள்ள மூன்று வட்டுகளில் ஒன்றுகூடப் பிழை செய்யக்கூடாது. இரண்டாவது அமைப்பில் ஒரு வட்டு போன பின்னும் இன்னொரு வட்டின் இழப்பைத் தாங்கும் வலு தொகுதியிடம் அப்போதே இருக்கிறது. எதையும் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

மறுகட்டமைப்பின்போது மீதமுள்ள வட்டுகள் முதல் செக்டர் (வட்டில் தரவை எழுதும் மிகச் சிறு பகுதி) முதல் கடைசி செக்டர் வரை முழுமையாகப் படிக்கப்படுகின்றன. பல ஆண்டுகளாக யாரும் தொடாத மூலையில் கெட்டுப்போன செக்டர் ஒன்று இருந்தால் அது வெளிப்படுவது அப்போதுதான். சாதாரண வட்டுகளின் விவரத்தாள்கள் பத்தின் அடுக்கு 14 பிட்டுகளுக்கு, அதாவது ஏறத்தாழ 12.5 டெராபைட்டுக்கு, ஒரு படிக்க முடியாத பிழை வரை நேரலாம் என்று வரம்பு குறிக்கின்றன. நடைமுறையில் நல்ல வட்டுகள் இதைவிடச் சிறப்பாகவே நடந்துகொள்கின்றன என்றாலும், மாற்று இல்லாத ஆவணங்களை அந்த நம்பிக்கையில் விடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே என் பரிந்துரை இது: ஒரே பெட்டியில் ஒரே தொகுதிதான் இருக்கிறது, கூடுதலாக ஒரு வட்டுக்குத்தான் வசதி உண்டு என்றால், அதை உதிரியாகச் சும்மா வைக்காமல் ரெய்டு 6-ன் இரண்டாம் பாரிட்டியாகப் பயன்படுத்துங்கள். வட்டுத் தொகுதியையும் தானே நிர்வகிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர், ரெய்டு 6-க்கு இணையான ரெய்டு-இசட்2 அமைக்கலாம். ஒரே தரவை இரண்டு வட்டுகளிலும் எழுதும் மிரர் என்றால் மூன்றாவதை உதிரியாக்காமல் மூன்றாவது பிரதியாகவே சேர்த்துவிடலாம். உதிரி வட்டு தன் மதிப்பைக் காட்டுவது மூன்று சூழல்களில்: ஒரே பெட்டியில் பல தொகுதிகள் இருந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு உதிரி போதும் என்னும்போது, ரெய்டு 6 ஏற்கெனவே இருந்து அதற்கும் மேல் ஒரு காப்பு வேண்டும் என்னும்போது, பெட்டி இருக்கும் இடத்துக்கு யாரும் வாரக்கணக்கில் செல்ல முடியாது என்னும்போது. இரண்டு இளைஞர்கள் மட்டும் வார இறுதியில் வந்து பார்த்துப்போகும் கோயில் அலுவலகங்கள் இந்த மூன்றாவது வகையில் அடங்கும்.

எந்த வட்டை வாங்குவது

உதிரி வட்டின் கொள்ளளவு தொகுதியில் பயன்படும் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் வெவ்வேறு தயாரிப்புகளில் செக்டர்களின் எண்ணிக்கை சிறிது மாறக்கூடும்; ஒரு செக்டர் குறைந்தாலும் தொகுதி அதை ஏற்காது. தொகுதியைப் புதிதாக அமைப்பவர்கள் வட்டு முழுவதையும் பயன்படுத்தாமல், கடைசியில் சில நூறு மெகாபைட்டை விட்டுவிட்டுப் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) அமைத்தால் பிற்காலத்தில் இந்தத் தொல்லை வராது.

இடைமுகமும், அதாவது வட்டைப் பெட்டியோடு இணைக்கும் சாஸ், சாட்டா போன்ற வகையும், ஒத்துப்போக வேண்டும். சாஸ் கன்ட்ரோலரில் (வட்டுகளை இயக்கும் அட்டை) சாட்டா வட்டு வேலை செய்யும். சாட்டா மட்டும் உள்ள பெட்டியில் சாஸ் வட்டைப் பொருத்தவே முடியாது. பழைய தொகுதி 512 பைட் செக்டர்களை எதிர்பார்க்கும்போது 4096 பைட் செக்டர்களை மட்டும் காட்டும் வட்டை வாங்கிவிடக் கூடாது.

எழுதும் முறையைக் கட்டாயம் விசாரியுங்கள். தடங்களை ஓடு வேய்ந்தாற்போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வட்டுகள் மறுகட்டமைப்புக்கு ஏற்றவையல்ல. தொடர்ந்து எழுதும்போது அவற்றின் தற்காலிகப் பகுதி நிரம்பி, வேகம் அடியோடு விழுந்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான வட்டுகள் சில இந்த முறையில் செய்யப்பட்டவை என்பது 2020 ஏப்ரலில் வெளிப்படையானது. அப்போது வெளியான ஒரு சோதனையில் இசட்எஃப்எஸ் தொகுதி ஒன்றில் அத்தகைய 4 டெராபைட் வட்டை நிரப்ப ஒன்பது நாட்களுக்கு மேல் பிடித்தது. அதன் பின் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத பழைய சிஎம்ஆர் முறை வட்டுகளை ‘ரெட் பிளஸ்’ என்ற பெயரில் அந்நிறுவனம் பிரித்தது. கடையில் ‘நாஸ் வட்டு’ என்று சொல்லிக் கொடுத்தாலும் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள்.

இன்னொரு பண்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செக்டர் ஒன்றைப் படிக்க முடியாதபோது வட்டு எவ்வளவு நேரம் திரும்பத் திரும்ப முயலும் என்பதே அது. நாஸ் வகை வட்டுகள் வழக்கமாக 7 நொடியில் முயற்சியை விட்டுப் பிழையைத் தெரிவித்துவிடும். தொகுதி அந்தப் பகுதியை மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். மேசைக் கணினி வட்டுகளோ இரண்டு நிமிடம் வரைகூட முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பொதுவாக 30 நொடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே மீட்டமைத்து, நல்ல நிலையில் உள்ள வட்டையும் தொகுதியிலிருந்து வெளியேற்றிவிட நேரும். வட்டு இந்த வரம்பை ஏற்கும் என்றால் ஸ்மார்ட் (வட்டு தன் நலத்தைத் தானே கண்காணித்துச் சொல்லும் வசதி) கருவியின் மூலம் 7 நொடி என அமைக்கவும். ஏற்காது என்றால் கர்னலின் காத்திருப்பு நேரத்தை அந்த வட்டுக்கு மட்டும் 180 நொடியாக உயர்த்தவும். சில வட்டுகளில் இந்த அமைப்பு மின்சாரம் போய் வந்ததும் மறைந்துவிடும் என்பதால், சர்வர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தானாக இயங்கும் ஸ்கிரிப்டில் இதைச் சேர்க்க வேண்டும். மின்வெட்டு வழக்கமான ஊரில் இது மிகவும் முக்கியம்.

முடிந்தால் உதிரி வட்டை மற்ற வட்டுகளோடு ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் செய்யப்பட்டு, ஒரே வெப்பத்தில், ஒரே அளவு மணி நேரம் ஓடியவை ஒன்றையடுத்து ஒன்றாகப் பழுதாகும் வாய்ப்பு அதிகம்.

பொருத்துவதற்கு முன் சோதனை

புதிய வட்டு நல்ல வட்டு என்று நம்பிவிடக் கூடாது. கூரியரில் வரும் வழியில் அடிபட்டிருக்கலாம். உதிரி வட்டாகப் பொருத்திவிட்டால் அதில் யாரும் எதையும் எழுதப் போவதில்லை. குறை இருந்தால் அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

தனிக் கணினி ஒன்றில் பொருத்தி, முதலில் ஸ்மார்ட் விவரங்களைப் படியுங்கள். ஓடிய மணி நேரத்தைக் காட்டும் 9-ஆம் எண் பண்பு, புதியது என்று விற்ற வட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புதியதன்று. 5 (மாற்றியமைத்த செக்டர்கள்), 197 (ஐயத்துக்குரிய செக்டர்கள்), 198 (சரிசெய்ய இயலாதவை) ஆகிய மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். பின்னர் வட்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கும் அழிப்புச் சோதனையை ஓட விடுங்கள்; நான்கு வகை வடிவங்களை எழுதிச் சரிபார்க்கும் ‘பேட்பிளாக்ஸ்’ சோதனை பெரிய வட்டுக்குப் பல நாட்கள் எடுக்கும், ஆனால் அது வீண் காலமன்று. முடிந்ததும் நீள வகை ஸ்மார்ட் சோதனையை ஓட்டி, அதே மூன்று பண்புகளை மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ‘ஒன்று இரண்டுதானே’ என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இணைப்புப் பிழைகளை எண்ணும் 199-ஆம் பண்பு மட்டும் ஏறினால் குற்றம் வட்டில் இல்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வேறொரு பெட்டியில் பயன்பட்ட வட்டை உதிரியாக்கினால் அதில் பழைய ரெய்டு குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். ஹார்ட்வேர் கன்ட்ரோலர் அதை ‘ஃபாரின்’ என்று ஒதுக்கி வைக்கும். லினக்ஸ் அதைக் கொண்டு இல்லாத தொகுதி ஒன்றைத் தொடங்க முயலும். அந்தக் குறிப்புகளை முறைப்படி அழித்த பிறகே சேர்க்கவும். அழிக்கும்போது சீரியல் எண்ணைப் பார்த்து, இது அந்த வட்டுதானா என்பதை உறுதி செய்துகொள்ளவும்.

தொகுதியில் சேர்ப்பது

லினக்ஸில் ரெய்டு தொகுதிகளை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவியில், முழு எண்ணிக்கையோடு நல்ல நிலையில் இயங்கும் தொகுதிக்கு ‘ஆட்’ கட்டளை கொடுத்தால் புதிய வட்டு தானாகவே உதிரியாக அமரும். நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் அதன் பெயருக்கு அருகே அடைப்புக்குறிக்குள் எஸ் என்ற எழுத்து தெரியும். தொகுதி பார்ட்டிஷன்களின் மேல் அமைந்திருந்தால் உதிரி வட்டிலும் அதே பார்ட்டிஷன் அமைப்பை முன்கூட்டியே நகலெடுத்துவிடுங்கள். சர்வர் அந்த வட்டுகளிலிருந்தே பூட் ஆகிறது என்றால் சர்வரை எழுப்பும் நிரலான பூட்லோடரையும் அதில் நிறுவ வேண்டும்.

பல தொகுதிகளுக்கு ஒரே உதிரியைப் பொதுவாக்க, அமைப்புக் கோப்பில் அந்தத் தொகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஸ்பேர் குரூப்’ பெயரைக் கொடுக்கலாம். ஆனால் உதிரியை ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது கர்னல் அன்று. பின்னணியில் இயங்கும் கண்காணிப்பு நிரல்தான். அது ஓடாவிட்டால் பொது உதிரி என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும். இசட்எஃப்எஸ்ஸிலும் இதே நிலைதான்: லினக்ஸில் ‘செட்’ என்னும் பின்னணி நிரல் இயங்கினால்தான் உதிரி தானாகக் களத்தில் இறங்கும். சர்வர் புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்த நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஹார்ட்வேர் கன்ட்ரோலர்களில் குறிப்பிட்ட தொகுதிக்கு மட்டும் உரிய உதிரி, எல்லாத் தொகுதிக்கும் பொதுவான உதிரி என இரு வகை உண்டு. மிக முக்கியமான தொகுதிக்குத் தனி உதிரி வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் அதைவிட முக்கியம் குறைந்த ஒன்று முந்திக்கொண்டு பொது உதிரியை எடுத்துவிடும். கடை நாஸ் பெட்டிகளில் சேமிப்பக மேலாண்மைத் திரையிலேயே ‘ஹாட் ஸ்பேர்’ என்ற பகுதி இருக்கும்.

சேர்த்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் யாருக்குப் போகிறது? பழைய செயலாளரின் முகவரிக்கா? உதிரி வட்டு இருக்கும் பெட்டியில் இதைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். வட்டு போனதும் உதிரி அமைதியாக இடம் பிடித்துவிடுவதால் யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். அடுத்த வட்டு போகும்போது உதிரி இருக்காது. எம்டிஏடிஎம் கண்காணிப்பு நிரலில் சோதனைச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. அதை இயக்கி, செய்தி குறைந்தது இருவருக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

வட்டு ஒன்று போகும்போது

முற்றிலும் செயலிழக்காமல், 197-ஆம் பண்பு ஏறுவது போன்ற அறிகுறி மட்டும் தெரிந்தால் அவசரப்பட்டு அந்த வட்டைக் கழற்றிவிடாதீர்கள். லினக்ஸ் 3.3 முதல் எம்டி தொகுதிகளில் (எம்டிஏடிஎம் கொண்டு அமைப்பவை) ‘ரீப்ளேஸ்’ என்னும் வசதி உண்டு: பழைய வட்டு இடத்தில் இருக்கும்போதே அதன் உள்ளடக்கம் உதிரிக்கு நகலெடுக்கப்படும், படிக்க முடியாத செக்டர்கள் மட்டும் மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிடப்படும். நகல் முடிந்த பிறகே பழையது வெளியேறும். இடையில் ஒரு கணமும் தொகுதி பாதுகாப்பை இழப்பதில்லை. இசட்எஃப்எஸ்ஸிலும் பழைய வட்டைப் பொருத்தி வைத்தபடியே மாற்றீடு செய்யலாம். உதிரி வட்டை இவ்வாறு முன்கூட்டிப் பயன்படுத்துவதே அதன் மிகச் சிறந்த பயன் என்பது என் கருத்து.

வட்டு உண்மையாகவே செயலிழந்து, உதிரி தானாக இடம் பிடித்து, மறுகட்டமைப்பு தொடங்கிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது எதையும் தொடாமல் இருப்பது. சர்வரை மறுபடி தொடங்க வேண்டாம்; வட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். காப்புப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அதற்குப் பின் சேர்ந்தவை இருந்தால், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, அவற்றை உடனே வெளி வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

பிறகு வேகத்தைக் கவனியுங்கள். பிற வேலைகள் நடக்கும்போது லினக்ஸ் மறுகட்டமைப்புக்கு உறுதியளிக்கும் குறைந்தபட்ச வேகம் இயல்பாக நொடிக்கு 1000 கிலோபைட் மட்டுமே. அந்த வேகத்திலேயே ஓடினால் 8 டெராபைட் வட்டுக்கு 90 நாட்கள் பிடிக்கும். பயனர்களிடம் ஓரிரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்தக் குறைந்தபட்ச அளவை 50,000 கிலோபைட் போன்ற எண்ணுக்கு உயர்த்துங்கள். இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு சாதகம் உண்டு: வட்டு முழுவதையும் எழுதாமல், தரவு இருக்கும் பகுதிகளை மட்டும் அது நிரப்பும்.

மின்சாரத்தைப் பற்றி மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். முறையாக நிறுத்தப்பட்ட சர்வர் திரும்ப எழும்போது, 1.x வகைக் குறிப்பமைப்பு கொண்ட எம்டி தொகுதி மறுகட்டமைப்பை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் ஒரு வட்டு குறைந்த ரெய்டு 5 தொகுதியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் திடீரென அறுந்தால், தரவும் பாரிட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்விடலாம். இல்லாத வட்டின் உள்ளடக்கத்தை அந்தப் பாரிட்டியிலிருந்து கணக்கிட்டால் தவறான விடையே வரும். இதனால்தான் எழுத்து முடியாமல் அரைகுறையாக நின்ற, வட்டு குறைந்த தொகுதியை லினக்ஸ் தானாகத் தொடங்க மறுக்கிறது. அந்த மறுப்பைக் கண்டு பதறி, இணையத்தில் கிடைத்த ‘ஃபோர்ஸ்’ கட்டளையை அடித்துவிடாதீர்கள். காப்புப் பிரதி கையில் இருப்பதை உறுதி செய்து, விஷயம் அறிந்தவரைக் கூப்பிட்டுப் பேசிய பின் செய்யுங்கள்.

இந்த நிலை வராமல் தடுப்பது யுபிஎஸ். இரண்டு மணி நேர மின்வெட்டு முழுவதையும் தாங்கும் பேட்டரி வாங்க முடியாவிட்டாலும், சர்வரை ஒழுங்காக நிறுத்தும் அளவுக்குப் பத்து நிமிடம் தாங்கினால் போதும். ஆனால் யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யுஎஸ்பி கேபிள் சென்றிருக்க வேண்டும்; ‘நட்’ போன்ற நிரல் பேட்டரி அளவைப் பார்த்துத் தானாகச் சர்வரை நிறுத்த வேண்டும். அந்தக் கேபிள் இல்லாத யுபிஎஸ்ஸுக்கு சர்வரை நிறுத்தும் வழியே தெரியாது. பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் ஒன்றாக அணையும். அடிக்கடி மின்வெட்டு இருக்கும் வாரங்களில் பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும் என்பதையும் கணக்கில் கொண்டு, பேட்டரி பாதி நிரம்பும்வரை சர்வர் தானாக எழாதபடி அமையுங்கள்.

மறுகட்டமைப்பு முடிந்த பின்புதான் பழுதான வட்டைக் கழற்ற வேண்டும். எந்த வட்டு என்பதைச் சீரியல் எண்ணைக் கொண்டு மட்டுமே முடிவு செய்யுங்கள். லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் சர்வர் எழும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை. எனக்குத் தெரிந்த கோயில் அலுவலகம் ஒன்றில் பழுது பார்க்க வந்தவர் இடமிருந்து மூன்றாவது என்று எண்ணி ட்ரேயை உருவினார். கன்ட்ரோலர் சுழியத்திலிருந்து எண்ணுவதால் பழுதானது நான்காவது. ரெய்டு 5 தொகுதி அந்த நொடியே நின்றுபோனது. இதைத் தவிர்க்கும் வழி மிக எளிது: பெட்டியை அமைக்கும் நாளிலேயே ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும், விளக்கை மறைக்காதபடி, வட்டின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா டர்பன் ஈரத்தில் ஓராண்டில் மங்கிவிடும். பெர்மனன்ட் மார்க்கர் பயன்படுத்துங்கள். கழற்றும் முன் அந்த இடத்தின் விளக்கை மினுக்கச் செய்யும் கட்டளை உங்கள் பெட்டியில் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய வட்டு வந்ததும் அடுத்து நடப்பது அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். எம்டி தொகுதியில் பழைய உதிரி இப்போது நிலையான உறுப்பாகிவிட்டது; புதிய வட்டே இனி உதிரி. இசட்எஃப்எஸ்ஸில் உதிரி தற்காலிகமாகவே நிற்கிறது. பழுதான வட்டுக்குப் பதிலாகப் புதியதைக் கொடுத்து நிரப்பி முடித்ததும் உதிரி தன் பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்ப வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றால் பழுதான வட்டைத் தொகுதியிலிருந்து விலக்கிவிட்டால் போதும். ஹார்ட்வேர் கன்ட்ரோலரில் இது ‘காப்பிபேக்’ (உதிரியில் உள்ளதைப் புதிய வட்டுக்கு நகலெடுத்து உதிரியை விடுவிப்பது) அமைப்பைப் பொறுத்தது. எதுவானாலும் ட்ரே டேப்பை அன்றே மாற்றி எழுதுங்கள்.

அலமாரியில் இருக்கும் வட்டு

பெட்டியில் காலி இடம் இல்லாத சபைகள் உதிரி வட்டை அலமாரியில் வைப்பது வழக்கம். இதில் நன்மையும் உண்டு: பெட்டியைத் தாக்கும் மின்னலோ, மின்சாரம் திரும்பும்போது வரும் அதிர்வோ அலமாரி வட்டைத் தொடாது. ஆனால் கடற்கரை ஊரின் ஈரம் தொடும். வட்டை நிலைமின் காப்பு உறையிலேயே, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன், மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். மடப்பள்ளிக்கோ கற்பூரம் எரியும் மண்டபத்துக்கோ அடுத்த சுவரில் உள்ள அலமாரி வேண்டாம். அந்தப் புகை சர்வரின் விசிறிக்கும் ஆகாது.

அலமாரி வட்டை ஆண்டுக்கு நான்கு முறை எடுத்து நீள வகை ஸ்மார்ட் சோதனை செய்ய வேண்டும். நம் நாட்காட்டியோடு இணைத்துவிட்டால் மறக்காது: தைப்பூசக் காவடிக்கு முன், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஆடிக் கஞ்சிப் பூசைக்கு முன், புரட்டாசி தொடங்கும்போது. பெட்டிக்குள் இருக்கும் உதிரிக்கும் அதே நாட்களில் சோதனை செய்யலாம். தொகுதி முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாக நடப்பது வழக்கம். உங்கள் சர்வர் அந்த நேரத்தில் மின்வெட்டில் கிடந்தால் அது நடக்காமலே போயிருக்கும். ஆகவே கடைசியாக எப்போது முடிந்தது என்பதைப் பதிவில் பாருங்கள்.

இவற்றை எல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வட்டின் சீரியல் எண், வாங்கிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி, எந்த ட்ரே, கடைசிச் சோதனையின் தேதியும் 5, 197, 198 பண்புகளின் எண்களும் இருந்தால் அடுத்து வரும் தொண்டர் யாரையும் கேட்காமலே பொறுப்பை ஏற்கலாம். உத்தரவாதம் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அலமாரியில் உறங்கினாலும் அது நிற்பதில்லை. எனவே உத்தரவாதம் முடியும் முன் அந்த வட்டைத் தொகுதிக்குள் கொண்டுவந்து, அதிகம் ஓடிய வட்டை உதிரியாக்காமல் ஓய்வு கொடுத்து, புதியதை அலமாரியில் வைப்பது நல்ல வழக்கம்.

கழற்றிய பழுதான வட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ரெய்டு 5 அல்லது 6-ன் ஒற்றை வட்டில் முழுக் கோப்புகள் பெரும்பாலும் இருக்காது என்றாலும், தொகுதி வட்டுகளுக்குத் தரவைப் பிரித்துத் தரும் துண்டின் அளவு பல நூறு கிலோபைட் இருக்கும். ஒரு பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையின் நகலோ முழுமையாக அதற்குள் அடங்கிவிடும். நம் பெட்டிகளில் இருப்பவை குடும்பங்கள் நம்பிக் கொடுத்த தாள்கள். வட்டு இன்னும் எழுத்தை ஏற்குமானால் முழுவதையும் ஒரு முறை அழித்தெழுதிய பின் உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள். ஏற்காது என்றால், உத்தரவாதத் தொகை போனாலும், தட்டுகளைத் துளையிட்டுச் சேதப்படுத்திய பிறகு மின்கழிவுச் சேகரிப்பிடத்தில் ஒப்படையுங்கள். அந்தத் தேதியையும் நோட்டில் குறித்து, செயலாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.